சொல்லாமல் சுமக்கும் பாரம்

“அப்பாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்.” முற்றிய நிலைப் புற்றுநோயுடன் வருவோரின் குடும்பத்தார் எங்களிடம் முதலில் வேண்டுவது பெரும்பாலும் இதுவே. பின்னர் நோயாளர் தனியே கூறுவார்: “எனக்குத் தெரியும் டாக்டர். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள், அவர்களிடம் சொல்ல வேண்டாம்.” அன்பினால் காக்கப்படும் இம்மௌனம் இரு தரப்பினரையும் தனிமையில் ஆழ்த்திவிடுகிறது.

1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் நோய்தணிப்பு இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், நோயாளரின் வலி உடலோடு நிற்பதில்லை என்றும், அதில் மனத்துயரும் குடும்பக் கவலையும் கலந்துள்ளன என்றும் வலியுறுத்தினார். அத்துயருக்கான சிகிச்சையே உளவியல் ஆலோசனை. “எனக்கென்ன பைத்தியமா?” என்று எவரும் வருந்த வேண்டியதில்லை.

ஆலோசகர் முதலில் செவிமடுப்பார். தம் நோயைப் பற்றி எவ்வளவு அறிய வேண்டும் என்பதை நோயாளரே முடிவு செய்வார், எதுவும் திணிக்கப்படாது. அவர் விரும்பினால் குடும்பத்தாரையும் உடன் அமர்த்தி, இதுவரை பேசாதவற்றைப் பேச ஆலோசகர் துணைநிற்பார். கனடா நாட்டு மனநல மருத்துவர் ஹார்வி சொச்சினோவ் வகுத்த முறையில், நோயாளர் தம் வாழ்வில் பெருமையாகக் கருதுபவற்றையும் அன்புக்குரியோருக்குச் சொல்ல விரும்புபவற்றையும் கூற, அவை எழுத்தில் பதியப்பட்டு அவரிடமே அளிக்கப்படுகின்றன. அவர் அதனைக் குடும்பத்தாருக்கு விட்டுச்செல்லலாம்.

ஆலோசனைக்கு அனுப்புவதால் சிகிச்சையைக் கைவிட்டோம் என்று எண்ணிவிடாதீர்கள். பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரைக் கொண்டு பாஸ்டனில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2010-இல் வெளியாயிற்று. புற்றுநோய் சிகிச்சையுடன் தொடக்கத்திலேயே நோய்தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாகக் காணப்பட்டது.

இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, “எல்லோருக்கும் நான் பாரம்” என்ற பேச்சு ஆகியவை தொடர்ந்தால், நோயின் இயல்பு என்று விட்டுவிடாமல் எங்களிடம் தெரிவியுங்கள். மனச்சோர்வுக்கு மருந்துகளும் உண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். உயிரை விடும் எண்ணத்தை வெளியிட்டால் அவரைத் தனியே விடாமல், அன்றே அழைத்து வாருங்கள். அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

வீட்டில் இன்றே நீங்கள் தொடங்கக்கூடியது ஒன்றுண்டு. அருகில் அமர்ந்து, “உங்கள் மனத்தை எது வருத்துகிறது?” என்று கேளுங்கள். ஆறுதல் கூற விரையாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.