சிங்கம் சாய்ந்தது... வௌவால் மட்டும் எப்படித் தப்பிக்கிறது?

2021 மே மாதக் கடைசி. தாம்பரத்தை அடுத்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில், சஃபாரி பகுதியில் இருந்த 5 சிங்கங்கள் சரியாகச் சாப்பிடவில்லை; இருமலும் இருந்தது. 11 சிங்கங்களின் மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய ஆய்வகத்துக்குப் போயின. 9 சிங்கங்களுக்கு கொரோனா உறுதியானது. ஜூன் 3-ம் தேதி நீலா என்ற 9 வயது பெண் சிங்கம் இறந்தது. இரண்டே வாரங்களில் ஓர் ஆண் சிங்கமும் போனது. மரபணுவைப் பரிசோதித்தபோது, மனிதர்களிடம் பரவிக்கொண்டிருந்த அதே டெல்டா வகை.

இந்த வைரஸின் நெருங்கிய சொந்தங்கள், சீனாவின் யுனான் பகுதியிலும் லாவோஸிலும் சில கிராம் எடையே உள்ள லாட வௌவால்களிடம் கண்டெடுக்கப்பட்டன. அந்த வௌவால்கள் நோயாளிகளாகத் தெரியவில்லை. காட்டு ராஜாவே சாயும்போது, வௌவாலுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?

பாதி சேதம் நம்மாலேயே!

வைரஸ் உடலில் நுழைவது வேறு, நோய் வருவது வேறு. கொரோனா தீவிரமான பலருக்கு நுரையீரலைக் கெடுத்தது வைரஸ் மட்டுமல்ல; அதை விரட்டக் கிளம்பிய நோய் எதிர்ப்பு சக்தி அளவுக்கு மீறிப் பொங்கியதும்தான். ‘சைட்டோகைன் புயல்’ என்று அப்போது அடிக்கடி கேள்விப்பட்டோமே, அதுதான்.

வௌவால் இதை வேறு மாதிரி சமாளிக்கிறது. முதலாவது, வைரஸைத் தடுக்கும் ‘இன்டர்ஃபெரான்’ புரதம் சில வௌவால்களிடம் தொற்று வருவதற்கு முன்பே தயாராக இருக்கிறது என்று ஆஸ்திரேலியப் பழந்தின்னி வௌவால்களை ஆராய்ந்தவர்கள் 2016-ல் சொன்னார்கள். இரண்டாவது, உடலில் அழற்சியைக் கிளப்பும் ஒரு முக்கிய ‘சுவிட்ச்’ வௌவாலிடம் மந்தமாக வேலை செய்கிறது. சிங்கப்பூரில் லின்ஃபா வாங் குழு 2019-ல் இதைக் காட்டியது. சுருக்கமாகச் சொன்னால், வைரஸை அடக்கி வைக்கும்; ஆனால் வீட்டையே கொளுத்தாது.

இதற்குக் காரணம் பறப்பதாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. பறக்கும்போது உடல் படு வேகமாக எரிபொருளை எரிக்கிறது, செல்கள் சேதமாகின்றன. ஒவ்வொரு முறையும் அழற்சி கிளம்பினால் வௌவால் பிழைக்கவே முடியாது.

ஆனாலும் அது சூப்பர் ஹீரோ இல்லை. ரேபிஸ் வந்தால் வௌவாலும் சாகும்.

பழகிய வீடும் புது வீடும்

பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்ததில் வைரஸும் விலங்கும் ஒன்றுக்கொன்று பழகிவிடுகின்றன. காட்டு வாத்துகள் பல பறவைக் காய்ச்சல் வைரஸ்களைக் குடலில் சுமந்தபடி சாதாரணமாக நீந்தும். அவற்றில் சில கோழிப் பண்ணைக்குள் நுழைந்து உருமாறினால் கூட்டம் கூட்டமாகச் சாவு. சிங்கமும் மனிதனும் கொரோனாவுக்குப் புது வீடுகள்தான்.

மரத்தை வெட்டினால் தீருமா?

2018-ல் கோழிக்கோடு, மலப்புறத்தில் நிபா 17 பேரைக் கொன்றது. அந்த வைரஸைச் சுமப்பவை பழந்தின்னி வௌவால்கள். தேசிய வைராலஜி நிறுவனத்தின் ஆய்வில் தமிழ்நாடு உட்பட 9 மாநில வௌவால்களிடம் நிபா தொற்றின் தடயம் தெரிந்ததாக 2023-ல் செய்தி வந்தது. உடனே, ‘நம்ம தெரு மரத்துல வௌவால் இருக்கே, வெட்டிடலாமா?’ என்று தோன்றலாம்.

வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நிபாவின் உறவுக்கார வைரஸான ஹென்ட்ராவை ஆராய்ந்தபோது, காடு அழிந்து, இரை குறைந்து, வௌவால்கள் தவித்த காலங்களில்தான் அது குதிரைகளுக்கு அதிகம் தாவியது தெரிந்தது. விரட்டினால் ஆபத்து போகாது. நம் பக்கம் நெருங்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கடிபட்ட, கீறல் விழுந்த பழத்தைத் தூக்கிப்போடுங்கள். மற்ற பழங்களைக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடுங்கள். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். மரத்தில் தொங்குவது பாட்டுக்குத் தொங்கட்டும்.