காலிக் கண்டெய்னரும் சுமாத்ராக் காற்றும்

கண்டெய்னரோடு சேர்த்து 30 டன் பாரம் ஏற்றிய லோரியில் நான் காற்றுக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்குக் காலிக் கண்டெய்னரை இழுத்துக்கொண்டு போகும்போதுதான் மேற்கு வானத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். ஜொகூரில் புதிதாக ட்ரெய்லர் ஓட்ட வரும் பையன்கள் இதை நேர்மாறாக நினைக்கிறார்கள். பாரம் இல்லை, பிரேக் நன்றாகப் பிடிக்கும், மேடு சுலபமாக ஏறும், அதனால் வேகமாகப் போகலாம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் காற்று சேரவில்லை.

40 அடிக் கண்டெய்னரின் நீளம் 12 மீட்டருக்கு மேல். உயரம் 2.6 மீட்டர், ஹை கியூப் என்றால் 2.9. பக்கவாட்டில் 30 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இரும்புச் சுவர் அது, தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே சக்கரங்களின் மீது உட்கார்ந்திருக்கிறது. பாரம் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் காற்று மோதுகிற சுவர் அதேதான். அதைத் தரையோடு பிடித்து வைக்கும் எடை மட்டும் மாறுகிறது. காலிக் கண்டெய்னரின் எடை 4 டன்கூட வராது.

காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று நேர்ப்பக்கவாட்டில் அடித்தால் அந்தச் சுவரின் மீது விழும் விசை ஏறக்குறைய 600 கிலோ எடைக்குச் சமம். 90 கிலோமீட்டர் காற்றில் அது 1,400 கிலோவை எட்டிவிடும். நேர்ச்சாலையில் அந்த விசை மட்டுமே லோரியைக் கவிழ்த்துவிடாது. ஆனால் சாலை ஈரமாக இருந்து, ஒரு வளைவும் சேர்ந்து, பயத்தில் ஓட்டுநர் ஸ்டீரிங்கை ஒடித்துத் திருப்பினால், ட்ரெய்லர் ஒரு பக்கச் சக்கரங்களைத் தூக்கிவிடும். பின்னால் தூக்கியது முன்னால் கேபினில் இருப்பவருக்கு உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை.

நம் பக்கத்துக் காற்றில் மிகவும் பொல்லாதது சுமாத்ரா. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, இரவில் சுமாத்ரா தீவின் மேலும் மலாக்கா நீரிணையிலும் திரளும் இடிமேகங்கள் வரிசைகட்டிக் கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடிவதற்கு முன்போ காலையிலோ ஜொகூரை அடிக்கும். முதலில் வருவது மழையல்ல, காற்றுதான். வெக்கை திடீரென்று அடங்கிச் சில்லென்று ஆகும். மேற்கே தாழ்வாக ஒரு கறுப்புக் கோடு தெரியும். அதைப் பார்த்த பிறகு நமக்கு மிஞ்சுவது சில நிமிடங்களே. ஒன்று, இரண்டு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்துவிடும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: உயிருக்கு விலை கேட்கும் இந்தக் காற்று, ஒரு சாப்பாட்டு நேரம் காத்திருந்தால் போய்விடுகிற காற்று.

அதன் பலத்துக்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. 1984 ஏப்ரல் 25 அன்று சிங்கப்பூரின் தெங்காவில் பதிவான சுமாத்ராக் காற்றின் வேகம் மணிக்கு 144.4 கிலோமீட்டர். தெங்கா, ஜொகூரையும் சிங்கப்பூரையும் சேர்க்கும் நம் இரண்டாவது இணைப்புப் பாலத்திலிருந்து வெகு தூரமில்லை. 2024 செப்டம்பர் 17 மாலை வந்த சுமாத்ராவில் காற்று 83.2 கிலோமீட்டரைத் தொட்டது. சிங்கப்பூரில் 300க்கும் மேற்பட்ட மரங்கள் பாதிக்கப்பட்டன. சுமாத்ரா மட்டுமல்ல, நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாகாது என்று நினைத்திருந்த காலத்தில், 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் சூறாவளி ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியதையும் மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது இணைப்புப் பாலம் 1998இல் திறக்கப்பட்டது. நீளம் 1.9 கிலோமீட்டர். இருபுறமும் தண்ணீர், காற்றை மறைக்க ஒன்றுமில்லை. சிங்கப்பூர் நோக்கிப் போகும்போது மேற்குக் காற்று வலப்பக்கம் அடித்து நம்மைத் தடுப்புச் சுவரை நோக்கித் தள்ளும். திரும்பி வரும்போது இடப்பக்கம் அடித்து, பக்கத்துத் தடத்தில் வரும் கார்கள் மீது தள்ளும். செனாய் டெசாரு நெடுஞ்சாலையில் சுங்கை ஜொகூர் பாலமும் அப்படித்தான், அங்கே தொல்லை தருவது ஆண்டுக் கடைசியின் வடகிழக்குக் காற்று. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே காற்றே தெரியாமல் ஓட்டி வருவோம். தோட்டம் முடிந்து பாலம் தொடங்கும் இடத்தில்தான் முதல் அடி விழும். ஆகவே வேகத்தைப் பாலத்தின் மேல் ஏறிய பிறகு குறைப்பதில் பயனில்லை, ஏறுவதற்கு முன்பே குறைக்க வேண்டும். 80இல் போகும் லோரி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடிவிடும். 50இல் 14 மீட்டர்தான். காற்று தள்ளியதைக் கை திருத்துவதற்கு அந்த வித்தியாசம் போதும்.

“அண்ணே, காத்து அடிக்கும்போது ஸ்டீரிங்க இறுக்கிப் பிடிக்கணும்தானே?” என்று ஒரு தம்பி கேட்டான்.

“ரெண்டு கையாலயும் பிடி, ஆனா அதோட சண்டை போடாத. கால எடு, தானா வேகம் குறையட்டும். பிரேக்க அழுத்தி மிதிச்சிடாத” என்றேன்.

காலி ட்ரெய்லரின் சக்கரங்கள் ஈரத்தில் சட்டென்று வழுக்கும். பின்பக்கம் சுற்றிக்கொண்டு கேபினை மடக்கிவிடும். இன்னொன்று அவனுக்குத் தெரியாமலிருந்தது. வலப்பக்கம் காற்று அடிக்க, அதற்கு எதிராக ஸ்டீரிங்கைச் சற்று வலப்பக்கமே வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அப்போது இன்னொரு பெரிய லோரி வலப்பக்கமாக முந்தினால், அது காற்றை மறைத்துவிடும். நம் லோரி அதை நோக்கியே சாயும். அது தாண்டிய கணத்தில் காற்று மறுபடி மோதி நம்மை இடப்பக்கம் எறியும். கார் ஓட்டுபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றுள்ள நாளில் ட்ரெய்லருக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வராதீர்கள். முந்துவதானால் முந்திவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் விலகி நில்லுங்கள்.

புறப்படும் முன், கண்டெய்னரை ட்ரெய்லரோடு பிணைக்கும் ட்விஸ்ட் லாக் நான்கு மூலைகளிலும் பூட்டியிருக்கிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். கண்டெய்னர் கவிழ்ந்தால் அது தனியாக விழட்டும், லோரியாவது தப்பும் என்று பூட்டாமல் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். விழுகிற கண்டெய்னருக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிற ஆள் இருப்பார். இதைவிடப் பெரிய பாவம் இந்தத் தொழிலில் எனக்குத் தெரியவில்லை.

மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் செயலி, இடியும் பலத்த காற்றும் எந்த மாவட்டத்தில் எத்தனை மணி வரை என்று எச்சரிக்கை தருகிறது. அதைப் பார்த்துவிட்டு மச்சாப், பாகோ போன்ற ஓய்வுத்தளங்களில் நிறுத்திவிடலாம். மரத்தடியில் வேண்டாம், அவசரநிலை இல்லாமல் நெடுஞ்சாலை ஓரத்திலும் வேண்டாம்.

நிறுத்தலாம்தான். ஆனால் நம்மில் பலருக்குக் கூலி நடைக் கணக்கில் வருகிறது. காத்திருந்த நேரத்துக்குக் காசு இல்லை. தாமதமானால் அலுவலகத்திலிருந்து திட்டு வேறு. நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவை ஓட்டுநர் தலையில் சுமத்தாத ஓர் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருந்தது. அங்கே 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயல் ஒரு ரயிலையே அடித்துக்கொண்டு போனது நமக்குத் தெரியும். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னலே ரயிலை நிறுத்திவிடும் ஏற்பாடு இருந்தது. அங்கே ஓட்டுநர் தைரியத்தைக் காட்ட வேண்டியதும் இல்லை, சம்பளத்தை நினைக்க வேண்டியதும் இல்லை. லோரியில் அந்த முடிவைத் தனியாளாக ஓட்டுநர் எடுக்கிறார், தன் கூலியைப் பணயம் வைத்து எடுக்கிறார்.

லோரி முதலாளிகளே, காற்று எச்சரிக்கை உள்ள நேரத்தில் நிறுத்திய ஓட்டுநருக்கு அந்த நடைக் கூலியைக் குறைக்காதீர்கள், காத்திருந்த நேரத்துக்கும் ஒரு தொகை கொடுங்கள். அதை வாய்வார்த்தையாகச் சொல்லாமல் வேலை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுங்கள்.