அக்கவுண்ட்ஸ் தேர்வில் எவ்வளவு எழுதினா போதும்?

சிஏ ஃபவுண்டேஷன் எழுதப்போற ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இந்த எபிசோட். "அண்ணா, கணக்கு சரியா வருது, நேரம்தான் பத்தலை. ஒர்க்கிங் நோட்ஸை விட்டுட்டா என்ன?"

நான் ஆடிட்டர் இல்லை, பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுற இன்ஜினியர். ஆனா இதே கேள்வி எங்க வேலையிலும் தினமும் வரும். நாம செஞ்சதை இன்னொருத்தர் சரிபார்க்க எவ்வளவு எழுதி வைக்கணும்?

முதல்ல நேரத்தைப் பார்ப்போம். அக்கவுண்டிங் தாள் 100 மதிப்பெண், 3 மணி நேரம். அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிஷம். 5 மதிப்பெண் கேள்விக்கு 9 நிமிஷம்தான். வாசிக்கிறது, யோசிக்கிறது, எழுதுறது எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். ஒரு விடையைத் தேவைக்கு மேல நீட்டினா, அந்த நேரம் இன்னொரு கேள்வியிலிருந்துதான் போகும்.

சரி, அப்போ எதை எழுதணும்? ஒரு உதாரணம். ஜூலை 1 அன்று 5,00,000 ரூபாய்க்கு மெஷின் வாங்குறாங்க. கொண்டுவந்த செலவு 20,000, நிறுவின செலவு 30,000. தேய்மானம் நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 10%. கணக்காண்டு முடிவு மார்ச் 31. விடை 41,250. இதை ரெண்டே வரியில் காட்டலாம்:

மெஷினின் அடக்கம்: 5,00,000 + 20,000 + 30,000 = 5,50,000
தேய்மானம்: 5,50,000 × 10% × 9/12 = 41,250

இப்போ ஒருத்தர் கொண்டுவந்த செலவையும் நிறுவின செலவையும் சேர்க்காம விட்டுட்டார்னு வைங்க. விடை 37,500. வெறும் எண்ணை மட்டும் எழுதியிருந்தா, திருத்துறவருக்குத் தெரியுறது ஒரு தப்பான எண் மட்டும்தான். அந்த ரெண்டாவது வரி இருந்தா, விகிதம் சரி, 9 மாசம் சரி, அடக்கம் மட்டும்தான் தப்புன்னு தெரியும். சரியான படிகளுக்கு மதிப்பெண் கொடுக்க அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். ஒர்க்கிங் நோட்ஸும் விடையின் ஒரு பகுதின்னு ஐசிஏஐ கேள்வித்தாளிலேயே போடுறது இதுக்காகத்தான்.

நான் வைக்கிற அளவுகோல் இதுதான்: கேள்வியில் இல்லாத ஒரு எண் உங்க விடையில் வந்தா, அது எங்கிருந்து வந்ததுன்னு ஒரு வரி இருக்கணும். கேள்வியில் அப்படியே இருக்கிற எண்ணுக்கு விளக்கம் வேண்டாம்.

எங்கெல்லாம் குறைக்கலாம்? கேள்வியைத் திரும்ப எழுத வேண்டாம். சாதாரணக் கூட்டலுக்குத் தனியா ஒர்க்கிங் நோட் வேண்டாம், அடைப்புக்குறிக்குள்ள காட்டினா போதும். ஜர்னல் பதிவுக்கு நரேஷன் ஒரே வரி. நரேஷன் தேவையில்லைன்னு கேள்வியே சொன்னா அதுவும் வேண்டாம். தியரியில் 2 மதிப்பெண்ணுக்கு வரையறை ஒரு வரி, உதாரணம் ஒரு வரி. அதுக்குப் பக்கம் நிரப்பாதீங்க.

குறைக்கக் கூடாதது ஒண்ணு இருக்கு, அனுமானம். கேள்வியில் ஒரு தகவல் தெளிவா இல்லைன்னா, நீங்க எப்படி எடுத்துக்கிட்டீங்கன்னு கட்டாயம் குறிப்பு எழுதுங்க. இல்லைன்னா உங்க நியாயமான முடிவுகூட தப்பு மாதிரி தெரியும்.

ஃபவுண்டேஷனில் தேற ஒவ்வொரு தாளிலும் 40%, மொத்தத்தில் 50% வேணும். 38-ல் நின்னவருக்கு அந்த ரெண்டு மதிப்பெண் எவ்வளவு பெருசுன்னு தெரியும், அடுத்த தேர்வுக்கு மாசக்கணக்கில் காத்திருக்கணும். அதனால தம்பி, ஒர்க்கிங் நோட்ஸை விடாதே, சுருக்கு. இந்த வாரம் கடிகாரம் வெச்சு ஒரு 5 மதிப்பெண் கணக்கை 9 நிமிஷத்தில் எழுதிப் பாரு. அப்புறம் அந்தத் தாளை நண்பர்கிட்ட கொடு. உன்னைக் கேட்காமலே ஒவ்வொரு எண்ணும் எப்படி வந்ததுன்னு அவர் சொல்லிட்டா, நீ எழுதினது போதும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.