'சிஸ்டமிக்', 'சிண்ட்ரோம்' என்றால் என்ன? மருத்துவ அறிக்கையில் காணும் சொற்களின் பொருள் அறிவோம்

புதுதில்லி: நரம்பு மண்டலம், சூரிய மண்டலம், சித்த மருத்துவ முறை, பன்னாட்டு அலகு முறை. தமிழில் வெவ்வேறாக வழங்கும் இவை அனைத்திற்கும் ஆங்கிலத்தில் பயன்படுவது 'சிஸ்டம்' என்ற ஒரே சொல். இதனோடு சேர்த்து எண்ணப்படும் 'சிஸ்டமிக்', 'சிண்ட்ரோம்' ஆகிய சொற்கள் மருத்துவ அறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறுகின்றன. இவற்றைத் தவறாகப் புரிந்துகொள்வது தேவையற்ற அச்சத்திற்கோ, ஆபத்தான அலட்சியத்திற்கோ வழிவகுக்கலாம்.

சொல்லின் வேர்

'சிஸ்டம்' கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'ஒன்றுசேர்த்து நிறுத்தப்பட்டது' என்பது அதன் அடிப்படைப் பொருள். பல உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்து ஒரு முழுமையாக இயங்கினால் அது சிஸ்டம் எனப்படும். சூரியனும் அதன் ஈர்ப்பில் சுழலும் 8 கோள்களும் இவ்வகையைச் சேர்ந்தவை.

விதிகளின்படி ஒழுங்குபடுத்தப்பட்ட ஏற்பாட்டையும் இச்சொல் குறிக்கும். உயிரினங்களை வகைப்படுத்தி ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1735-இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே இச்சொல் உள்ளது. 7 அடிப்படை அலகுகளைக் கொண்ட பன்னாட்டு அலகு முறைக்கு 1960-இல் அப்பெயர் சூட்டப்பட்டது. அந்த இடத்தில் தமிழ் 'மண்டலம்' என்று சொல்லாமல் 'முறை' என்கிறது.

இந்தியச் சட்டங்களிலும் இப்பொருள் காணப்படுகிறது. இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டம், 2020, ஆயுர்வேதம், யுனானி, சித்தா, சோவா-ரிக்பா ஆகியவற்றை உள்ளடக்கியது. ஹோமியோபதிக்குத் தனி ஆணையம் உள்ளது.

உடலில் ஓரிடமா, முழுவதுமா?

மருத்துவத்தில் 'சிஸ்டமிக்' என்றால் ஓர் உறுப்போடு நில்லாமல் உடல் முழுவதையும் சார்ந்தது என்று பொருள். காலில் உள்ள புண்ணில் சீழ் பிடித்தால் அது ஓரிடத் தொற்று. அந்தத் தொற்றின் விளைவு உடல் முழுவதும் பரவி, கடும் காய்ச்சல், மூச்சுத்திணறல், மனக்குழப்பம் போன்றவை தோன்றினால் உடனடிச் சிகிச்சை தேவை.

மருந்துகளுக்கும் இது பொருந்தும். தோலில் தடவும் ஸ்டீராய்டு களிம்பு பெரும்பாலும் தடவிய இடத்தில் செயல்படுகிறது. மாத்திரையாக உட்கொள்ளும் ஸ்டீராய்டு இரத்தத்தில் கலந்து உடல் எங்கும் செல்வதால், இரத்தச் சர்க்கரை உயர்வு, எலும்புத் தேய்மானம் போன்ற பக்கவிளைவுகள் ஏற்படக்கூடும். நீண்டகாலம் உட்கொண்ட பின் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

வேளாண்மையிலும் இச்சொல் உண்டு. 'ஊடுருவிப் பாயும்' பூச்சிக்கொல்லிகள் செடியின் திசுக்களுக்குள் சென்றுவிடுவதால், காய்களின் மேற்பரப்பைக் கழுவுவதால் மட்டும் அவை முழுமையாக நீங்கிவிடுவதில்லை.

நோய் வேறு, நோய்க்குறித் தொகுப்பு வேறு

'சிண்ட்ரோம்' என்பதற்குக் கிரேக்கத்தில் 'சேர்ந்து ஓடுதல்' என்று பொருள். சேர்ந்தே தோன்றும் அறிகுறிகளின் தொகுப்பு இது. காரணம் தெரிந்தோ தெரியாமலோ இருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் 1866-இல் விவரிக்கப்பட்டது. 21-ஆவது குரோமோசோம் கூடுதலாக இருப்பதே காரணம் என்பது 1959-இல்தான் வெளியானது. காரணம் தெரிந்த பின்னரும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

எய்ட்ஸ் என்ற சுருக்கப் பெயரின் கடைசி எழுத்தும் சிண்ட்ரோமையே குறிக்கிறது. எச்ஐவி என்பது வைரஸ். அது நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பெரிதும் சிதைத்த பின் வரும் நிலையே எய்ட்ஸ். எனவே எச்ஐவி தொற்று உள்ள அனைவருக்கும் எய்ட்ஸ் இருப்பதாகக் கருதுவது தவறு. முறையாகக் கூட்டு மருந்துகளை உட்கொள்வோர் அந்த நிலையை அடையாமலேயே நீண்டகாலம் வாழ முடியும்.

ஒலியால் ஏமாற வேண்டாம்

இரத்த அழுத்த அளவீட்டில் வரும் 'சிஸ்டாலிக்' என்ற சொல்லுக்கும் சிஸ்டத்திற்கும் பொருள் தொடர்பு இல்லை. அது 'சுருங்குதல்' என்ற பொருளுடைய வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 120/80 என்பதில் 120, இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். 80, இதயம் தளரும்போது உள்ள அழுத்தம்.

அறிக்கையில் 'சிஸ்டமிக்' என்று இருந்தால் எந்தெந்த உறுப்புகள் பாதிக்கப்பட்டுள்ளன என்றும், 'சிண்ட்ரோம்' என்று இருந்தால் அதன் காரணம் கண்டறியப்பட்டுள்ளதா என்றும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.