பூச்சிகளை இனம் காண வீட்டிலேயே ஒரு காட்சிப் பெட்டி

பயிரில் காணப்படும் பூச்சிகள் எல்லாமே பயிருக்குப் பகை அல்ல. அசுவினியைத் தின்று அழிக்கும் பொறிவண்டின் புழு, கருத்த நிறமும் முட்கள் போன்ற உடலும் கொண்டது. இதைக் கெடுதல் செய்யும் புழு என்றெண்ணி மருந்து தெளிப்பவர்கள் உண்டு. இதனால் பணமும் வீண், உதவிக்கு வந்த பூச்சியும் அழிகிறது. 2018-ல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட படைப்புழு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களிலும் பரவியது. புதிதாக வரும் பூச்சியை உடனே அடையாளம் காண்பது எவ்வளவு அவசியம் என்பதை அது உணர்த்தியது.

திண்டுக்கல் சமவெளியில் மக்காச்சோளம், பருத்தி, காய்கறி பயிரிடும் சிறு விவசாயிகள், தங்கள் வயலில் காணும் பூச்சிகளைச் சேகரித்து ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். மருந்து தெளிக்கும் முன் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெட்டி செய்தல்

பழைய தக்காளிப் பெட்டியின் பலகைகளைக் கொண்டு 1½ அடி நீளம், 1 அடி அகலம், 3 அங்குல உயரமுள்ள பெட்டி செய்ய வேண்டும். கெட்டியான அட்டைப் பெட்டியும் போதும். அடியில் அரை அங்குலக் கனமுள்ள தெர்மோகோலை வைத்து, அதன்மேல் வெள்ளைத் தாளை ஒட்டவும். மேலே கண்ணாடி பொருத்தி, எறும்பு நுழையாதபடி இடைவெளிகளைத் தாள் ஒட்டி அடைக்க வேண்டும். அந்துருண்டையைத் துணியில் முடிந்து ஒரு மூலையில் வைக்கவும். அது தெர்மோகோல் மேல் நேராகப் பட்டால் தெர்மோகோல் உருகிவிடும்.

பூச்சிகளைப் பதப்படுத்துதல்

பிடித்த பூச்சிகளை டப்பாவில் அடைத்து, குளிர்பதனப் பெட்டியின் உறைபனி அறையில் இரண்டு நாள் வைத்தால் இறந்துவிடும். வண்டாக இருந்தால் வலது முன்னிறகிலும், அந்துப்பூச்சியாக இருந்தால் மார்பின் நடுவிலும் 1½ அங்குல நீளமுள்ள மெல்லிய ஊசியைக் குத்த வேண்டும். அந்துப்பூச்சியின் இறகுகளை விரித்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்தவும். மிகச் சிறிய பூச்சிகளை முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டி, அந்த அட்டையில் ஊசி குத்தலாம்.

புழுக்களை உலர்த்தினால் சுருங்கிவிடும். அவற்றைக் கொதிநீரில் சிறிது நேரம் போட்டெடுத்து, ஸ்பிரிட் நிரப்பிய சிறு கண்ணாடிப் புட்டியில் இட்டு மூட வேண்டும். ஸ்பிரிட்டை நெருப்பின் அருகே கொண்டுபோகக் கூடாது. படைப்புழுவின் தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்து போன்ற கோடும், உடலின் பின்பகுதியில் சதுரமாக நான்கு புள்ளிகளும் புட்டியிலேயே தெரியும்.

இடப்புறம் கெடுதல் செய்பவை, வலப்புறம் நன்மை செய்பவை என்று பிரித்து வைக்கவும். ஒவ்வொன்றின் அருகிலும் பயிர், ஊர், தேதி ஆகியவற்றை எழுத வேண்டும். தாய்ப்பூச்சியோடு அதன் புழுவையும் சேர்த்து வைப்பது முக்கியம். பெட்டியை வெயில் படாத இடத்தில் வைத்தால் நிறம் மங்காது.

பெயர் தெரியாத பூச்சியைக் காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ காட்டிக் கேட்கலாம். பூச்சியை அறிந்தபின் மருந்தை எடுப்பதே சிக்கனம்.