மலைவீதிச் சாரத்தியமும் எரிபொருட் சிக்கனமும்

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். பார ஊர்தி செலுத்துவோர்க்கு இம்மூதுரை ஒழுக்கவிதி மட்டுமன்று, பௌதிகவிதியுமாகும். அஃது எவ்வாறென்பதைக் கரவனெல்லவிலிருந்து அட்டனுக்கு ஏறும் வீதியைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தில், களனி கங்கையை அடுத்துள்ளது கரவனெல்ல. அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியும், கேகாலையிலிருந்து வரும் வீதியும் இங்கே கூடுகின்றன. எட்டியாந்தோட்டை வரை சென்ற களனிவெளிப் புகையிரதக் கிளைப்பாதை 1942 இல் மூடப்பட்டது. அதன்பின், அயலிலுள்ள தோட்டங்களின் தேயிலையும் இறப்பரும் கொழும்புக்கு இறங்குவதும், அரிசியும் மாவும் உரமும் மேலேறுவதும் வீதிவழியேயாம்.

கரவனெல்ல தாழ்நிலம், அட்டனோ அதனினும் ஏறத்தாழ 1,200 மீற்றர் உயர்ந்தது. சுமையோடு 10 தொன் நிறையுள்ள லொறியொன்றை அவ்வுயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 12 கோடி யூல் சத்தி வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் 3.6 கோடி யூல் உளது. எனினும் அதில் மூன்றிலொரு பங்கே பயன்படு வேலையாகும் எனக் கொள்வோமாயின், ஏற்றத்திற்கு மட்டுமே 10 லீற்றர் செலவாகும். இச்செலவை எவராலும் தவிர்க்கவியலாது. தவிர்க்கக்கூடியது வேறு.

40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் அந்த லொறியைச் சமநிலத்தில் நிறுத்தி, மீண்டும் அதே வேகத்துக்குக் கொணர்வதற்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் டீசல் வேண்டும். ஒருவன் பொறாது முந்த, அவன் பொருட்டுப் பத்து லொறிகள் நின்றெழுமாயின், அரை லீற்றர் வீணாகும். வீணாக்கியவன் ஒருவன், விலை கொடுப்போர் பதின்மர். ஒடுங்கிய வளைவில் ஏறிவரும் ஊர்திக்கு இறங்குவோன் வழிவிடும் வழக்கத்தின் பொருள் இதனால் விளங்கும்.

இறக்கத்தில் நிலைமை வேறு. ஏற்றத்திற் சேர்ந்த சத்தி எங்கேனும் வெளியேறியாக வேண்டும். காற்றும் சில்லுகளும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதைப் பிறேக்கே ஏற்குமாயின் அது சூடேறிப் பற்றுத்திறனை இழக்கும். டீசலை மிச்சம்பிடிக்கக் கருதிக் கியரை விடுத்து உருள்வோர் இரட்டைப் பிழை செய்கின்றனர். தாழ்ந்த கியரில் இறங்குகையில், மிதியை விட்டால், எஞ்சின் தானே தடையாகும். எரிபொருட் பாய்ச்சலும் நிற்கும். கியரை விடுத்தாலோ எஞ்சின் டீசலை உண்டுகொண்டிருக்கும், தடையும் இராது. எனவே, உயிர்காக்கும் வழியே பொருள்காக்கும் வழியுமாம்.

பிறநாடுகளில் இவ்வறிவை இயந்திரத்துக்குப் புகட்ட முயன்றுள்ளனர். 2016 ஏப்ரிலில் ஆறு நிறுவனங்களின் லொறிகள் வானொலித் தொடர்பால் இணைந்து, ஒன்றையொன்று நெருங்கி அணியணியாக றொற்றடாம் நகரை அடைந்தன. முன்னது காற்றைக் கிழிக்கப் பின்னது எளிதிற் செல்லும் என்பது அதன் தத்துவம். எனினும், எதிர்பார்த்த பயன் கிட்டவில்லையென 2019 இல் டைம்லர் நிறுவனம் அம்முயற்சியைக் கைவிட்டது. வளைவுகள் மலிந்த நம் வீதிக்கு அம்முறை பொருந்தவும் பொருந்தாது. மாறாக, வரவிருக்கும் மேடுபள்ளத்தைச் செய்மதியாலும் நிலப்படத்தாலும் முன்னறிந்து வேகத்தை அமைக்கும் கருவி 2012 முதல் மெர்சிடிஸ் லொறிகளில் இடம்பெற்றுள்ளது. கித்துல்கலை வளைவுகளையும் கினிகத்தேனை ஏற்றத்தையும் நெஞ்சிற் பதித்த சாரதி அக்கருவியின் பணியைத் தானே செய்கிறான்.

ஆயின், சாரதியை மட்டும் அறிவுறுத்தி அமைதல் நீதியன்று. நடைக்கணக்கிற் கூலி பெறுவோன் விரைதல் இயல்பே. பொறுமைக்குரிய நேரத்தை உரிமையாளர் அளித்தல் வேண்டும். 2022 இல் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாம், அதன் ஒவ்வொரு துளியின் அருமையையும் அறிவோம். வளைவிலே நின்று வழிவிடும் ஒரு கணம், அத்துளியையும் ஓர் உயிரையும் ஒருங்கே காப்பதாகலாம்.