சோப்பைப் பிடிக்கும் கை, மாத்திரையையும் பிடிக்கும்!

தம்பி தங்கைகளே, உப்புத் தண்ணீரில் குளித்திருக்கிறீர்களா? ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சில ஊர்களில் அப்படித்தான் இருக்கும். தேய் தேய் என்று தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது. வாளி விளிம்பில் வெள்ளைப் பிசுக்குதான் மிஞ்சும்.

அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத பிசுக்காக்கிவிடுகின்றன. சோப்பு தேய்ந்தும் பயனில்லை, அழுக்கு போகாது.

இதைப் போன்ற ஒரு பிடி நம் வயிற்றுக்குள்ளும் நடக்கும். அங்கே மெக்னீசியத்திடம் சிக்குவது மாத்திரை!

அப்படியானால் மெக்னீசியம் கெட்டதா? இல்லவே இல்லை. இலையின் பச்சையத்தில், ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. பெரியவர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 25 கிராம் மெக்னீசியம் உண்டு. பாதிக்கு மேல் எலும்பில். 300-க்கும் மேற்பட்ட நொதிகளுக்கு அது வேண்டும். கீரை, வேர்க்கடலை, கேழ்வரகில் கிடைக்கும். போதாதவர்களுக்கு மருத்துவர் மாத்திரையாகத் தருவார். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்துகள் பலவற்றிலும் மெக்னீசியம் இருக்கிறது.

சிக்கல் எங்கே? கிருமியைக் கொல்ல டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் தருவார்கள். அவை குடலிலிருந்து ரத்தத்துக்குள் போனால்தான் வேலை நடக்கும். அதே நேரத்தில் மெக்னீசியமும் வயிற்றில் இருந்தால்? மருந்து மூலக்கூறின் ஆக்சிஜன் அணுக்கள், நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல மெக்னீசியத்தைக் கவ்விக்கொள்ளும். வேதியியலில் இதற்குப் பெயரே கொடுக்கிணைப்பு! கவ்விய ஜோடி குடல் சுவரைத் தாண்டுவது கடினம். மருந்தில் பெரும்பங்கு மலத்தோடு வெளியேறிவிடும். கிருமிக்குக் கொண்டாட்டம்.

இதற்கு வழி மிக எளிது: இடைவெளி. இந்தக் கிருமிக்கொல்லி மாத்திரைகளை மெக்னீசியத்துக்கு 2 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் பின்போ சாப்பிடச் சொல்வார்கள். தைராய்டு மாத்திரைக்கும் மெக்னீசியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

சில மருந்துகள் மெக்னீசியத்தையே குறைத்துவிடும். சிறுநீரை அதிகமாக்கும் ஃபுரோசமைடு அதைச் சிறுநீரோடு வெளியேற்றும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலை நெடுநாள் சாப்பிட்டாலும் மெக்னீசியம் குறையலாம்.

சத்துகளுக்குள்ளும் உறவும் போட்டியும் உண்டு. வைட்டமின் டி உடம்பில் வேலைக்குத் தயாராக மெக்னீசியம் உதவ வேண்டும். துத்தநாக மாத்திரையை மிக அதிகமாக விழுங்கினால், குடல் மெக்னீசியத்தை எடுத்துக்கொள்வது குறையும்.

மிஞ்சும் மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதானவர்களுக்கு மெக்னீசியம் ரத்தத்தில் சேர்ந்து ஆபத்தாகலாம்.

நீங்களாக எந்த மாத்திரையையும் சாப்பிடாதீர்கள். ஆனால் ஒரு வேலை செய்யலாம். பாட்டியோ தாத்தாவோ அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். சத்து மாத்திரை அட்டையையும் மறக்காமல் சேர்த்து!